‘கோல்ட்’ எங்கே, ‘கோல்டன்’ எங்கே? எதனால் ஆனது என்று சொல்லும் ஆங்கிலச் சொற்கள்

3 ஜூன், காலை 9.40 | காவிரிக்கரை

பாரம்பரியப் பாத்திரங்கள் விற்கும் ஒரு கடையின் இணையப் பக்கத்துக்கு ஆங்கில விவரம் எழுத வேண்டும். பட்டியல்: மண்சட்டி, கல்சட்டி, ஈயச்சொம்பு, வெண்கலப்பானை, செப்புக்குடம், உள்ளே ஈயம் பூசிய பித்தளை அண்டா, மரக்கரண்டி. தமிழில் எல்லாம் ஒரே அச்சு. பொருளின் பெயர் முன்னால், பாத்திரத்தின் பெயர் பின்னால். ஆங்கிலத்தில் ‘வுடன் ஸ்பூன்’ என்கிறார்கள், ஆனால் ‘ஸ்டீல் ஸ்பூன்’. ‘கோல்ட் ரிங்’ என்கிறார்கள், ஆனால் ‘கோல்டன் ஹேர்’. எதற்கு ‘என்’ விகுதி சேர்ப்பது, எதற்கு விடுவது? விதி இருக்கிறதா, மனப்பாடம்தானா?

3 ஜூன், இரவு 8.15 | சொல்தறி

விதி உண்டு. வெறும் பெயர்ச்சொல் முன்னால் நின்றால் அந்தப் பொருளாலேயே ஆனது: கோல்ட் ரிங், ஸ்டீல் ஸ்பூன், சில்க் சாரி, கிளாஸ் பாட்டில், பிரிக் வால். ‘என்’ விகுதி சேர்ந்தால் அந்தப் பொருளைப் போன்றது: கோல்டன் ஹேர், லெடன் ஸ்கை, சில்கன் வாய்ஸ். இந்த வேறுபாடு நம் பள்ளி இலக்கணத்திலேயே இருக்கிறது. பொற்குடம் என்றால் பொன்னால் ஆகிய குடம், மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. பொன்மேனி என்றால் பொன் போன்ற மேனி, உவமைத்தொகை. தமிழில் இரண்டுக்கும் உருவம் ஒன்றுதான், பிரித்துச் சொல்வது நம் வேலை. ஆங்கிலம் இரண்டுக்கும் வேறு உருவம் வைத்திருக்கிறது.

3 ஜூன், இரவு 10.02 | பட்டறை

வுடன் ஸ்பூன் மரத்தைப் போன்ற கரண்டியா? மரக்கரண்டிதானே?

4 ஜூன், காலை 6.30 | சொல்தறி

சரியாகப் பிடித்தீர்கள். நேற்று எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். திருத்தம் இது.

இந்த விகுதி ஒரு காலத்தில் எல்லாப் பொருளுக்கும் ஒட்டியது. இன்று பொருளைக் குறித்து உயிரோடு இருப்பவை மூன்றுதான்: வுடன், வுல்லன், எர்தன். மரம், கம்பளி, மண். ‘கோல்டன்’ பாதி உயிர். பழைய கதைகளிலும் பெயர்களிலும் தங்கத்தாலான பொருளைக் குறிக்கும், கடையில் குறிக்காது. லெடன், பிரேஸன், சில்கன், ஆஷன், வாக்ஸன், ஃபிளாக்ஸன் எல்லாம் உவமைப் பக்கம் போய்விட்டன. ஈயம்போல் கனத்த வானம், சாம்பல் பூத்த முகம், மெழுகுபோல் வெளுத்த தோல், ஆளிநார் நிறத் தலைமுடி. ஓக் மரம், தோல், சணல் இவற்றைக் குறித்த ஓக்கன், லெதர்ன், ஹெம்பன் ஆகியவை பழைய நூல்களில் மட்டும். புதிதாக ஒரு பொருளுக்கு இந்த விகுதியை ஒட்ட முடியாது. ‘ஸ்டோனன்’, ‘ஸ்டீலன்’, ‘பிளாஸ்டிக்கன்’ என்று இன்று யாரும் சொல்வதில்லை.

ஆகவே விகுதியை நீங்களாகச் சேர்க்க வேண்டாம். மரம், கம்பளி, மண் மூன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வெறும் பெயர்ச்சொல் போதும். உங்கள் பட்டியலில் விகுதிச் சிக்கல் இரண்டே இடம், மரக்கரண்டியும் மண்சட்டியும்.

4 ஜூன், மதியம் 1.10 | காவிரிக்கரை

அமெரிக்கத் தளங்களில் ‘வுட் ஃப்ளோர்’, ‘வுட் ஃபர்னிச்சர்’ என்று பார்க்கிறேனே, ‘என்’ இல்லாமல்?

4 ஜூன், மதியம் 2.45 | சொல்தறி

வியாபார எழுத்தில், அமெரிக்காவில் கூடுதலாக, ‘வுட்’ மட்டும் போடுவது வழக்கம். தவறில்லை. ஆனால் ஓர் இடத்தில் இரண்டும் ஒன்றாகாது. ‘வுட் ஸ்டவ்’ என்றால் விறகடுப்பு, விறகை எரிக்கும் அடுப்பு. அது இரும்பால் ஆனதாக இருக்கும். ‘வுடன் ஸ்டவ்’ என்றால் மரத்தாலேயே செய்த அடுப்பு. பற்றவைத்தால் அடுப்பே எரிந்துபோகும். வெறும் பெயர்ச்சொல் ‘ஆல் ஆன’ என்றும் பொருள் தரும், ‘ஐ எரிக்கும், ஐ வைக்கும், ஐத் தரும்’ என்றும் பொருள் தரும். சாமானின் பெயருக்கு முன்னால் ‘வுடன்’ வந்தால் ‘ஆல் ஆன’ மட்டும்தான். இந்தச் சொல் இன்னும் சாகாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கோல்டிலும் இதே கதை. கோலார் கோல்ட் ஃபீல்ட்ஸ் தங்கம் தந்த வயல். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. உங்கள் ஊர்ப் பக்கத்துத் திருச்சிப் பொன்மலை ஆங்கிலத்தில் ‘கோல்டன் ராக்’. அங்கே இருப்பது 1928 முதல் ரயில்வே பணிமனை. கோல்ட் என்றால் தங்கம் இருக்க வேண்டும், கோல்டன் என்றால் பெயர் இருந்தால் போதும். சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் உருக்கால் ஆனது, ஆரஞ்சு வண்ணம் பூசியது, 1937-இல் திறந்தது. அந்தப் பெயரும் பாலத்துக்கு வைத்ததல்ல. கீழே உள்ள நீரிணைக்கு 1846-இல் வைத்தது, கலிபோர்னியாவில் தங்கம் கிடைப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பே.

4 ஜூன், இரவு 9.20 | பட்டறை

நகைத் தொழிலில் இருந்து ஒரு குறிப்பு. ‘கோல்ட் நெக்லஸ்’ என்று எழுதினால் தங்கம் என்று உறுதி தருகிறீர்கள். 22 காரட் என்றால் 916 முத்திரையும் ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும், ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்யூஐடி அடையாளக் குறியீடும் இருக்க வேண்டும்; முத்திரை கட்டாயமான மாவட்டங்களில் 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் தங்க நகை விற்கக் கூடாது. கவரிங் நகைக்கும் ‘ஒன் கிராம் கோல்ட்’ நகைக்கும் ‘கோல்ட்-பிளேட்டட்’ என்றே எழுத வேண்டும். நிறம் மட்டும் என்றால் ‘கோல்ட்-டோன்’. ‘கோல்டன்’ என்று பலர் நழுவலாகப் போட்டுவிடுகிறார்கள். வாங்குகிறவர் அதைத் தங்கம் என்றே படிக்கிறார், பிறகு சண்டை வருகிறது.

6 ஜூன், காலை 7.05 | சொல்தறி

பழைய ஆங்கிலத்தில் தங்கம் ‘கோல்ட்’, தங்கத்தாலான ‘கில்டன்’ என்பதை ஒட்டிய ஒலி. ஓகாரம் ஏன் மாறியது? அந்த விகுதி மூலத்தில் ‘ஈன்’ போல ஒலித்தது. பின்னால் வரும் இகரம் முன்னால் இருக்கும் உயிரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கல் ‘ஸ்டான்’, கல்லாலான ‘ஸ்டேனன்’. பிற்பாடு, ஏறத்தாழ 1300-ஐ ஒட்டி, கில்டனை விட்டுவிட்டு கோல்ட் என்பதோடு நேரே விகுதியை ஒட்டி கோல்டன் செய்தார்கள். வுடன் இன்னும் இளையது, பதினாறாம் நூற்றாண்டில் வருகிறது. அதற்கு முன் மரத்தாலானதற்கு ‘ட்ரீன்’ என்ற சொல் இருந்தது, ‘ட்ரீ’ என்பதிலிருந்து. பழம்பொருள் வியாபாரிகள் கடைந்த மரக்கிண்ணம், மரக்கரண்டி வகையறாவை இன்றும் ‘ட்ரீன்’ என்கிறார்கள். உங்கள் கடையில் மரச்சாமான் தனிப் பிரிவாக இருந்தால் இந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள், நல்ல விவரிப்பு மாதிரிகள் கிடைக்கும்.

பொருட்பெயர் அடையாகும்போது உள்ளேயே மாறுவது நமக்குப் புதிதல்ல. செம்பு, செப்புக்குடம். இரும்பு, இருப்புப்பாதை. மரம், மரக்கரண்டி. பொன், பொற்சிலை. மெல்லினம் வல்லினமாகும், மகரம் போகும், னகரம் றகரமாகும். ‘இரும்புப்பாதை’ என்று எழுதுவது வளர வளர ‘இருப்பு’ என்பது கையிருப்பு என்று மட்டுமே படிக்கப்படுகிறது. கில்டன் போய் கோல்டன் வந்ததும் இப்படித்தான். மாறிய வடிவம் மூலத்தை மறைத்தால் மக்கள் மூலத்தோடு நேராக ஒட்டிவிடுகிறார்கள்.

6 ஜூன், காலை 7.30 | சொல்தறி

அதே விகுதியின் உறவு கிரேக்கத்திலும் லத்தீனிலும் உண்டு. கிரேக்கத்தில் கல்லாலானது ‘லித்தினோஸ்’. ஜெர்மன் மொழியில் மரத்துக்கும் இரும்புக்கும் கண்ணாடிக்கும் கல்லுக்கும் இன்றும் இப்படி வடிவங்கள் இருக்கின்றன.

6 ஜூன், இரவு 11.15 | பட்டறை

அயர்ன் லேடி? அயர்ன் கர்ட்டன்? உவமைதான், விகுதி இல்லையே?

7 ஜூன், காலை 6.10 | சொல்தறி

ஆம். என் முதல் நாள் விதியில் இரண்டாவது ஓட்டை. ‘அயர்ன்’ பழைய ஆங்கிலத்திலேயே பெயராகவும் அடையாகவும் ஒரே வடிவத்தில் இருந்தது, தனியாக விகுதி தேவைப்படவில்லை. அதனால் உவமைக்கும் அதே சொல். 1976-இல் சோவியத் ராணுவ நாளிதழ் மார்கரெட் தாட்சருக்கு வைத்த பெயர் ‘அயர்ன் லேடி’. நாமும் இரும்புப் பெண்மணி, இரும்புத்திரை, இரும்புக்கரம் என்று எந்த மாற்றமும் இல்லாமல் சொல்கிறோம். கிளாஸ் சீலிங் (கண்ணுக்குத் தெரியாத தடை), பேப்பர் டைகர் (பார்வைக்கு மட்டும் பயமுறுத்தும் காகிதப் புலி) இரண்டும் இப்படியே.

கல்லுக்கு வேறு வழி: ‘ஹார்ட் ஆஃப் ஸ்டோன்’, ‘நெர்வ்ஸ் ஆஃப் ஸ்டீல்’. ‘ஆஃப்’ போட்டுப் பின்னால் வைத்தால் அழுத்தம் கூடும்.

எனவே விதியை இப்படிச் சுருக்குகிறேன்: வெறும் பெயர் இருபக்கமும் போகும். ‘என்’ விகுதி வந்தால், மூன்று சொல் தவிர, உவமைப் பக்கமே.

8 ஜூன், மாலை 5.50 | சொல்தறி

ஈயச்சொம்பு. இதற்காகவே தனியாக எழுதுகிறேன். இந்தப் பட்டியலில் ஆபத்தான சொல் இதுதான்.

தமிழில் ஈயம் இரண்டு. வெள்ளீயம் ஆங்கிலத்தில் ‘டின்’, காரீயம் ஆங்கிலத்தில் ‘லெட்’. ரசச் சொம்பு வெள்ளீயம். அகராதியில் ‘ஈயம்’ என்று தேடினால் ‘லெட்’ முதலில் வரும். ‘லெட் வெஸல்’ என்று போட்டீர்களானால் நஞ்சை விற்கிறேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. காரீயம் உடலில் சேர்ந்தால் மூளையையும் நரம்பையும் கெடுக்கும், குழந்தைகளுக்கு மிக மோசம். இந்தியாவில் காரீயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நிறுத்தப்பட்டது. சமையல் பாத்திரத்தின் பெயரில் அந்தச் சொல் தவறியும் வரக்கூடாது.

வெறும் ‘டின் பாட்’ என்று போட்டாலும் சிக்கல். ஆங்கிலத்தில் டின் என்றால் பெரும்பாலோர் மனதில் வருவது தகர டப்பா, அதாவது வெள்ளீயப் பூச்சு கொடுத்த மெல்லிய இரும்புத் தகடு. ‘டின்ட் ஃபிஷ்’ என்றால் டப்பாவில் அடைத்த மீன். ஆகவே ‘ப்யூர் டின் ரசம் பாட்’ என்று எழுதி, அடுத்த வரியிலேயே ‘காரீயம் இல்லை’ என்று ஆங்கிலத்தில் சொல்லிவிடுங்கள். ஆனால் கொள்முதல் செய்யும் இடத்தில் பரிசோதனைச் சான்று வாங்கிய பிறகு மட்டும். வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பயன்பாட்டுக் குறிப்பும் சேருங்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். சொம்பில் புளித்தண்ணீர் இருக்கும்வரை உலோகம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், ஒன்றும் ஆகாது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தாலோ, எண்ணெய் ஊற்றித் தாளித்தாலோ, தீ நாக்கு தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஏறினாலோ சொம்பு உருகி ஒழுகிவிடும். தாளிப்பு வேறு கரண்டியில்.

8 ஜூன், இரவு 7.00 | சொல்தறி

பென்சில் விட்டுப்போனது. ‘லெட் பென்சில்’ என்பதில் காரீயம் கிடையாது, உள்ளே கிராஃபைட்டும் களிமண்ணும். தமிழிலும் அதைக் காரீயம் என்று சொன்ன காலம் உண்டு. கறுப்பாக, கோடு இழுக்க வருவதால் இரண்டு மொழியும் ஒரே தவறைச் செய்திருக்கின்றன.

ஜெர்மன் சில்வரும் அப்படியே. செம்பு, நிக்கல், துத்தநாகம். வெள்ளி துளியும் இல்லை. உங்கள் கடையில் ஜெர்மன் சில்வர் கும்பா இருந்தால் ‘சில்வர்’ என்ற சொல்லைத் தனியாக எங்கும் விட்டுவிடாதீர்கள். நம் பேச்சில் எவர்சில்வர் என்பது துருப்பிடிக்காத உருக்கு. அதையும் ஆங்கிலப் பக்கத்தில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று மாற்றாவிட்டால் வெளிநாட்டு வாசகர் வெள்ளி என்று எடுத்துக்கொள்வார்.

9 ஜூன், காலை 10.25 | காவிரிக்கரை

கல்சட்டிக்கு ‘ஸ்டோன்வேர்’ போட்டேன். சரியா?

9 ஜூன், காலை 11.00 | சொல்தறி

இல்லை, மாற்றுங்கள். ஸ்டோன்வேர் கல்லால் ஆனதே அல்ல. களிமண்ணைச் சுமார் 1,200 டிகிரிக்கு மேல் சுட்டு, நீர் ஊறாதபடி இறுகவைத்தது; ஊறுகாய் ஜாடி அந்த வகை. கல்சட்டி மாக்கல்லைக் குடைந்து செய்தது. அதற்கு ‘சோப்ஸ்டோன் பாட்’. இரண்டுக்கும் பராமரிப்பே வேறு. ஜாடியை வாங்கிய அன்றே கழுவிப் பயன்படுத்தலாம். கல்சட்டியைப் பழக்க வேண்டும்: சில நாள் சூடான அரிசிக் கஞ்சி ஊற்றி வைத்து, பிறகு சிறு தீயில் தண்ணீர் காய்ச்சி, அதன் பிறகே குழம்பு. பழக்காமல் பெரிய தீயில் வைத்தால் கீறல் விடும். ‘ஸ்டோன்வேர்’ என்று படித்தவர் இதைச் செய்ய மாட்டார், சட்டி உடைந்து உங்களிடம் திரும்பி வரும்.

மண்சட்டிக்கு ‘எர்தன் பாட்’ அல்லது ‘கிளே பாட்’. ‘எர்தன்’ இந்திய ஆங்கிலத்தில் நன்றாக உயிரோடு இருக்கிறது. ஏரிக்கரையை ‘எர்தன் பண்ட்’ என்றே பொறியாளர்கள் எழுதுகிறார்கள். ‘எர்த்தி’, ‘எர்த்லி’ இரண்டும் வேண்டாம். முன்னது மண் வாசனை, பின்னது மண்ணுலகம். சுடுமண் சிற்பத்துக்கு ‘டெரகோட்டா’, இத்தாலிய மொழியில் அதன் பொருளும் சுட்ட மண்தான்.

9 ஜூன், மதியம் 12.40 | சொல்தறி

ஒய் எழுத்தில் முடியும் சொற்களைப் பற்றிச் சொல்லவில்லை. சில்கி, வுடி, கிளாஸி, லெதரி, ஸ்டோனி, சில்வரி, காப்பரி. கடை விவரத்தில் இவை ‘ஆல் ஆன’ என்று வராது. தொட்டால், பார்த்தால், முகர்ந்தால் அப்படி இருக்கும் என்பது மட்டும். ‘சில்கி சாரி’ பாலியஸ்டராக இருக்கலாம். ‘சில்க் சாரி’ பட்டாக இருக்க வேண்டும். ‘ஆர்ட் சில்க்’ என்பதில் ஆர்ட் கலை அல்ல, ஆர்டிஃபிஷியல் என்பதன் சுருக்கம். செயற்கைப்பட்டு.

10 ஜூன், காலை 8.00 | சொல்தறி

வெண்கலப்பானை. ‘பிரேஸன்’ என்று எங்கும் எழுதிவிட வேண்டாம், இன்று அதன் பொருள் வெட்கம்கெட்ட என்பது. பித்தளை முகம் வெட்கத்தைக் காட்டாது, அதனால் வந்த பொருளாக இருக்கலாம். 1611-இன் கிங் ஜேம்ஸ் பைபிளில் மோசேயின் பாம்பு ‘பிரேஸன் ஸர்ப்பென்ட்’. தமிழில் வெண்கலச் சர்ப்பம். தமிழ்தான் நெருக்கம். அந்தக் கால ஆங்கிலத்தில் ‘பிராஸ்’ செம்புக் கலவை எல்லாவற்றுக்கும் பொது. வெண்கலத்தைக் குறிக்கும் ‘பிரான்ஸ்’ என்ற சொல் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் அங்கே நிலைக்கிறது. இன்றைக்குக் கணக்கு தெளிவு: செம்பும் துத்தநாகமும் பித்தளை, பிராஸ். செம்பும் வெள்ளீயமும் வெண்கலம், பிரான்ஸ். சமையல் வெண்கலத்தில் ஐந்தில் ஏறத்தாழ நான்கு பங்கு செம்பு, மீதி வெள்ளீயம். தட்டினால் மணிபோல் இழுத்து ஒலிக்கும், கீழே விழுந்தால் நெளியாமல் பிளக்கும். ‘பெல் மெட்டல்’ என்றும் எழுதலாம்.

10 ஜூன், மதியம் 3.30 | பட்டறை

பித்தளை அண்டாவுக்குள் பூசும் ஈயம் எந்த ஈயம்?

10 ஜூன், மாலை 4.10 | சொல்தறி

வெள்ளீயமே. பாத்திரத்தைப் புளி, மணல் போட்டுத் துலக்கி, கரியடுப்பில் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, ஈயக்குச்சியால் ஒரு கோடு இழுத்து, அது உருகியதும் பஞ்சால் உள்முழுக்கத் துடைத்தெடுப்பார்கள். வெள்ளைப் புகை எழும், ஒரே நொடியில் மஞ்சள் வெள்ளியாகும். நவச்சாரம் சரியாகப் படாத இடத்தில் ஈயம் ஒட்டாமல் திட்டுத் திட்டாக நிற்கும். அங்கேதான் புளிக்குழம்பு கைக்கும். ஆங்கிலத்தில் ‘டின்-லைன்ட் பிராஸ்’ என்று எழுதுங்கள். ‘டின்ட் பிராஸ்’ சரியென்றாலும் டப்பா மீன் நினைவு வரும். முதற்சொல் பூச்சு, கடைசிச் சொல் உடல். ‘காப்பர்-பாட்டம்’ அப்படியல்ல: அடி மட்டும் செம்பு, உடல் எவர்சில்வர். செப்புக்குடத்துக்கு அதைப் போட்டுவிடாதீர்கள்.

11 ஜூன், காலை 6.45 | சொல்தறி

வரிசை. பல அடைகள் வந்தால் அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், பொருள், பயன், பிறகு பெயர். ‘லார்ஜ் ரவுண்ட் பிளாக் சோப்ஸ்டோன் குக்கிங் பாட்’. பொருளுக்கும் பெயருக்கும் நடுவே பயன் மட்டும் நுழையலாம். ‘சோப்ஸ்டோன் லார்ஜ் பாட்’ என்றால் உடனே தெரிந்துவிடும், வேற்றாள் எழுதியது என்று.

வாயால் சொல்லும்போது: பொருளால் ஆனது என்றால் அழுத்தம் பின் சொல்லில், பயன் என்றால் முன் சொல்லில். ‘கிளாஸ் கேஸ்’ என்பதில் கேஸை அழுத்தினால் கண்ணாடிப் பெட்டி, கிளாஸை அழுத்தினால் கண்ணாடிப் பொருள் வைக்கும் பெட்டி. சாறும் கேக்கும் விலக்கு: ‘ஆரஞ்சு ஜூஸ்’, ‘சாக்லேட் கேக்’ இரண்டிலும் முன் சொல்லே அழுத்தம்.

11 ஜூன், காலை 7.20 | சொல்தறி

‘மேட் ஆஃப்’, ‘மேட் ஃப்ரம்’. மூலப்பொருள் இன்னும் கண்ணுக்குத் தெரிந்தால் ஆஃப்: மரக்கரண்டி மேட் ஆஃப் வுட். உருமாறிப் போயிருந்தால் ஃப்ரம்: காகிதம் மேட் ஃப்ரம் வுட். பானைக்கு இரண்டும் பொருந்தும், சுட்ட மண்ணைச் சொன்னால் ஆஃப், குழைத்த களிமண்ணைச் சொன்னால் ஃப்ரம்.

13 ஜூன், இரவு 9.00 | சொல்தறி

‘மயம்’ நினைவுக்கு வந்தது. வடமொழியில் இது ‘ஆல் ஆன’ விகுதி, ‘நிறைந்த’ என்ற பொருளும் உண்டு. தமிழுக்கு வந்தபின் பெரும்பாலும் இரண்டாவதே நின்றது: கூட்டமயம், புகைமயம். பிறகு ‘மயமாக்கல்’ என்று பருப்பொருளே இல்லாத விஷயங்களுக்கும் போய்விட்டது, தாராளமயமாக்கல், கணினிமயமாக்கல். லெடனும் பிரேஸனும் போன பாதைக்கு இது பக்கத்துப் பாதை.

14 ஜூன், காலை 9.15 | காவிரிக்கரை

இப்படி வைத்திருக்கிறேன்: எர்தன் பாட். சோப்ஸ்டோன் பாட். ப்யூர் டின் ரசம் பாட். பிரான்ஸ் குக்கிங் பாட். காப்பர் வாட்டர் பாட். டின்-லைன்ட் பிராஸ் அண்டா. வுடன் ஸ்பூன்.

14 ஜூன், காலை 9.50 | சொல்தறி

ஆறும் சரி. கடைசியில் மட்டும் ஒரு கேள்வி: அது கடைந்த மரக்கரண்டியா, கொட்டாங்கச்சியில் மூங்கில் காம்பு செருகிய அகப்பையா? அகப்பை என்றால் ‘வுடன்’ போடக்கூடாது. ‘கோகனட் ஷெல் லேடில்’, காம்பு பாம்பூ என்று தனி வரியில்.